பரிணாமத்தில் தொழில்நுட்பம் சேருமா? மானுடவியல் தேர்வுக்கு நான் படித்த விதம்

மானுடவியலை விருப்பப் பாடமாக எடுத்து, யு.பி.எஸ்.சி. மெயின்ஸைத் தமிழில் எழுதினேன். இப்போது அதே பாடத்தை எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, தொழில்நுட்பம் பரிணாமத்தில் சேருமா, சேராதா என்றுதான். முதல் தாளில் மனிதப் பரிணாமம் பற்றிய பகுதியே உயிரியல் காரணிகள், பண்பாட்டுக் காரணிகள் என்று இரண்டையும் சேர்த்துத்தான் தொடங்குகிறது. அப்புறம் கோட்பாடுகள் பகுதிக்குப் போனால் டைலர், மார்கன், லெஸ்லி ஒயிட் என்ற மானுடவியலாளர்கள் பேசும், சமூகமும் பண்பாடும் படிப்படியாக மாறும் வேறொரு பரிணாமம் வருகிறது. இரண்டையும் தனித்தனி நோட்டில் படித்துவிட்டுப் போகிறவர்கள், சேர்த்துக் கேட்கும்போது திணறிவிடுகிறார்கள். நான் படித்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனித உடலை இன்றைய உடலாக ஆக்கிய காரணங்களில் தொழில்நுட்பமும் ஒன்று. உடல் மாறி முடிந்த பிறகு அந்த இடத்தைத் தொழில்நுட்பம் எடுத்துக்கொண்டது என்று எழுதுவது தப்பு. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஆதாரம் கொடுக்கத் தெரிந்துவிட்டால் கேள்வி எப்படி வளைந்து வந்தாலும் சமாளிக்கலாம்.

வரையறையிலிருந்து ஆரம்பிப்போம். ஓர் இனக்கூட்டத்தில் அல்லீல்களின், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களின், விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுதான் பரிணாமம். மாறுவது கூட்டம், தனி ஆள் இல்லை. ஒருவர் வெயிலில் உழைத்துக் கறுத்துப்போவது பரிணாமத்தில் வராது. 1908-இன் ஹார்டி - வெய்ன்பெர்க் விதி ஏன் சிலபஸில் இருக்கிறது என்பதும் இங்கேதான் புரியும். எந்தக் காரணியும் செயல்படாவிட்டால் விகிதம் அப்படியே இருக்கும் என்கிறது அது. எனவே விகிதம் நகர்ந்திருந்தால் சடுதி மாற்றம் (மரபணுவில் திடீரென வரும் மாற்றம்), இயற்கைத் தேர்வு, மரபியல் நகர்வு (தற்செயலாக விகிதம் மாறுவது), மரபணு ஓட்டம் (வேறு கூட்டத்திலிருந்து கலப்பது) ஆகியவற்றில் ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய புத்தகங்களுக்குப் போகும் முன் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் பரிணாம அத்தியாயத்தை நிதானமாகப் படித்துவிடுங்கள். கலைச்சொற்கள் தமிழிலேயே கிடைக்கும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் விடைத்தாள் முழுக்க அதையே எழுதுங்கள்.

எந்த உதாரணத்தைப் படித்தாலும் நோட்டின் ஓரத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைப்பேன். மாறுவது எது? அது அடுத்தவருக்கு எந்த வழியில் போகிறது? அதனால் யாருக்கு அதிகப் பிள்ளைகள் பிழைத்தன? மரபணு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மட்டும்தான் போகும். கோடரி செய்யும் விதத்தை யாரிடமிருந்தும் யாரும் கற்றுக்கொள்ளலாம், அண்டை ஊரிலிருந்துகூட. அதனால் தொழில்நுட்பத்தின் மாற்றமும் உடலின் மாற்றமும் வெவ்வேறு பாதையில் ஓடுகின்றன. ஆனால் மூன்றாவது கேள்வியில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பைக் காட்டுவதில்தான் மார்க் இருக்கிறது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது பால் உதாரணம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாலிலுள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பொதுவாகப் பாலூட்டிகளில் பால்குடி மறந்த பிறகு இந்த நொதி குறைந்துவிடும், உலகில் மனிதர்கள் பெரும்பாலோருக்கும் அப்படித்தான். மாடு வளர்த்துப் பால் கறக்கத் தொடங்கிய பிறகு, வளர்ந்த பின்னும் நொதி சுரக்கவைக்கும் ஒரு சடுதி மாற்றம் ஐரோப்பாவில் பரவியது. அதே மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களிடம் இருப்பது வேறு சடுதி மாற்றங்கள். மரபியலாளர் சாரா டிஷ்காஃப் குழு 2007-இல் இதைக் காட்டியது. தனித்தனியாகத் தோன்றி ஒரே பலனைத் தந்திருப்பதால், குவி பரிணாமம் பற்றிக் கேட்டாலும் இதையே எழுதலாம். மாடு வளர்ப்பு ஒரு தொழில்நுட்பம். அது வந்த பிறகுதான் இந்த அல்லீலுக்கு மதிப்பு வந்தது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஓர் அடி எடுத்துவையுங்கள். பாலைத் தயிராக்கினால் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடும், நொதி இல்லாதவருக்கும் வயிறு தாங்கும். மங்கோலிய மேய்ப்பர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பின்னும் லாக்டோஸைச் செரிக்கவைக்கும் சடுதி மாற்றம் இல்லை. ஆனாலும் புளிக்கவைத்த பாலும் பாலாடைக்கட்டியும் அவர்கள் சாப்பாட்டில் பெரும்பங்கு. அதாவது, ஒரு தொழில்நுட்பம் உடல்மீது அழுத்தத்தை உண்டாக்கியது, இன்னொன்று அதே அழுத்தத்தைத் தணித்தது. ஒரே பாலில் இரண்டும் நடந்திருக்கின்றன. தொழில்நுட்பம் பரிணாமத்தை வேகப்படுத்துகிறதா, நிறுத்திவிடுகிறதா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன்.

ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அல்லீல் ஒன்று உண்டு, அந்த அரிவாள் செல் உதாரணத்தையும் இதே முறையில் படியுங்கள். 1958-இல் மானுடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் மேற்கு ஆப்பிரிக்காவை வைத்து ஒரு விளக்கம் தந்தார். காட்டை வெட்டி, எரித்து விவசாயம் செய்ததும் வெயில் படும் குட்டைகள் பெருகின. அவற்றில் அனாஃபிலஸ் கொசு பெருகி மலேரியா கூடியது. இந்த அல்லீலை ஒரு பிரதி மட்டும் உடையவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைத்ததால் அது நிலைத்தது. கோடரியும் நெருப்பும் ரத்த அணு வரைக்கும் வந்துவிட்டன, பாருங்கள். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் 1952-இல் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இரண்டாம் தாளில் பழங்குடியினர் உடல்நலம் பற்றிக் கேட்கும்போது இந்தச் செய்தி மறுபடி உதவும்.

கல் கருவிகளுக்கு வருவோம். கால வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும், வேறு வழியில்லை. தான்சானியாவின் லேட்டோலியில் நிமிர்ந்து நடந்த மூதாதையர் விட்டுச்சென்ற காலடித் தடங்கள் சுமார் 36 லட்சம் ஆண்டு பழையவை. கென்யாவின் லொமெக்வி கருவிகள் 33 லட்சம் ஆண்டு, இவை அறிவிக்கப்பட்டது 2015-இல். 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்ற மூதாதை இனப் புதைபடிவத்துக்கு 32 லட்சம் ஆண்டு. ஓல்டோவன் என்ற எளிய கல் கருவிகள் 26 லட்சம், அச்சூலியன் என்ற கைக்கோடரிப் பாணி சுமார் 17.6 லட்சம். லூசியின் இனத்துக்கு மூளை ஐந்நூறு கன சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது. நமக்குச் சராசரியாக 1,350. நிமிர்ந்து நடப்பது, கருவி, சிறிய கோரைப்பல், பெரிய மூளை ஆகியவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சேர்ந்தே வளர்ந்தன என்பதுபோல் டார்வின் 1871-இல் எழுதினார். புதைபடிவங்கள் அந்த முடிச்சைப் பிரித்துவிட்டன. நடை முதலில் வந்தது, கருவி அப்புறம், மூளை வெகு தாமதம். ஆனால் கருவி வந்த பிறகு கையும் பல்லும் மூளையும் மாறின என்று மானுடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன் 1960-இல் வைத்த வாதத்துக்கு இன்றும் வலு இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. வெட்டி, தட்டி, சமைத்து உணவை மென்மையாக்கியதால்தான் சிறிய பல்லையும் சிறிய குடலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய மூளைக்குத் தீனி போட முடிந்தது என்பது ரிச்சர்ட் ராங்கமின் கருத்து. சமையல் எப்போது தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் இதைக் கருத்து என்றே எழுதுங்கள், முடிவு என்று எழுத வேண்டாம்.

சென்னையிலோ பக்கத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புவியியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கல் கருவியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்துக்கும் போனார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய கற்காலக் கருவிகளை ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். நான் ஒரு கைக்கோடரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். குவார்ட்சைட் கல், நீர்த்துளி வடிவம், அடி கனமாக உள்ளங்கையில் உட்காரும்படி இருக்கிறது, நுனி ஒடுங்குகிறது. இரண்டு முகத்திலும் சில்லு பெயர்த்த பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் பெயர்த்த பிறகு கல்லைத் திருப்பி மறுபக்கம் தட்டியிருக்கிறார்கள் என்பது அந்தப் பள்ளங்களிலேயே தெரிகிறது. இப்படித் தட்ட, முடிவில் வரப்போகும் வடிவம் முதல் அடிக்கு முன்பே மனதில் இருந்தாக வேண்டும். அன்றைக்குப் பிறகு இருமுகக் கருவியை எந்தத் தேர்விலும் தயக்கமில்லாமல் வரைந்தேன். திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டியிலும் இதற்கென்றே ஓர் அகழ்வைப்பகம் இருக்கிறது.

அத்திரம்பாக்கத்தின் அச்சூலியன் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். அதே இடத்தில் இடைப் பழங்கற்காலப் பாணி சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது என்று 2018-இல் காட்டினார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைக்கோடரி பத்து லட்சம் ஆண்டுக்கும் மேலாகப் பெரிய மாறுதல் இல்லாமல் நீடித்திருக்கிறது. தொழில்நுட்பம் எப்போதுமே உடலைவிட வேகமாக ஓடும் என்று எழுத ஆசை வரும், ஆரம்ப காலத்துக்கு அது பொருந்தாது.

இனிமேல் சொல்லப்போவதில்தான் எனக்கு அக்கறை அதிகம். மார்கன் 1877-இல் மனித சமூகங்களைக் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று பிரித்தார். பிரிக்க அவர் வைத்த அளவுகோல்கள் பெரும்பாலும் கருவிகள்தான்: நெருப்பு, வில் அம்பு, மண்பாண்டம், இரும்பு. மண்பாண்டமும் வில் அம்பும் இல்லை என்று பாலினீசிய மக்களைக் காட்டுமிராண்டி நிலையின் நடுப்படியில் வைத்தார். பெருங்கடலில் திசையறிந்து படகு செலுத்தியவர்கள் அவர்கள், சிக்கலான தலைமை அமைப்பும் அவர்களிடம் இருந்தது. லெஸ்லி ஒயிட் பண்பாடு = ஆற்றல் × தொழில்நுட்பம் என்று சூத்திரம் தந்தார். ஜூலியன் ஸ்டூவர்ட் என்ற மானுடவியலாளர் ஒரே பாதை என்பதை மறுத்து, சூழலுக்கு ஏற்பப் பல பாதைகள் என்றார். சாலின்ஸும் சர்வீஸும் 1960-இல் பொதுப் பரிணாமம், சிறப்புப் பரிணாமம் என்று இரண்டையும் பொருத்தினார்கள். இவற்றைப் படியுங்கள், எழுதுங்கள். ஆனால் தோடரையோ இருளரையோ காட்டுநாயக்கரையோ பரிணாமத்தின் முந்தைய படியில் நிற்பவர்கள் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். டெஸ்ட் சீரிஸ் விடைகளைத் திருத்திக் கொடுக்கும்போது இந்த வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்களும் நாமும் ஒரே காலம் பரிணமித்து வந்தவர்கள். டார்வினின் கொள்கையில் மேல்படி, கீழ்படி கிடையாது, அந்தந்தச் சூழலுக்குப் பொருந்துவது மட்டும்தான் உண்டு. 2006-இல் அரசே "தொன்மையான" என்ற அடைமொழியை விட்டுவிட்டு, குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடிகள் என்று மாற்றிக்கொண்டது.

பத்து மார்க்குக்கு 150 சொற்கள்தான். தொழில்நுட்பம் மனிதப் பரிணாமத்தின் பகுதியா என்று கேட்டால் நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பரிணாமம் என்பது இனக்கூட்டத்தில் அல்லீல் விகிதங்கள் தலைமுறைகளில் மாறுவது. தொழில்நுட்பம் மரபணுவழி கடத்தப்படுவதில்லை, கற்றலால் கடத்தப்படுகிறது. எனினும் அது சூழலை மாற்றுவதால் இயற்கைத் தேர்வின் திசையையும் மாற்றுகிறது. கால்நடை வளர்ப்பு லாக்டேஸ் அல்லீலைப் பரப்பியது. காடழிப்பு விவசாயம் மலேரியா வழியே அரிவாள் செல் அல்லீலை நிலைநிறுத்தியது. மறுபுறம், தயிராக்கல் போன்ற நுட்பங்கள் தேர்வு அழுத்தத்தைத் தணிக்கின்றன. எனவே தொழில்நுட்பம் தனிப் பாதையில் மாறினாலும், உயிரியல் பரிணாமத்தின் காரணியாக அதனுள்ளேயே செயல்படுகிறது."

இதன் கீழே ஒரு சிறிய படம் போடுங்கள். தொழில்நுட்பம், சூழல், தேர்வு, உடல் என்று நான்கு பெட்டிகள், வட்டமாக அம்புக்குறிகள். நிமிடக்கணக்கில் நேரம் எடுக்காது.

பதினைந்து, இருபது மார்க் என்றால் மற்ற உயிர்களையும் சேருங்கள். மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. தந்தமில்லாத பெண் யானைகளின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்றிலிருந்து பாதியளவுக்கு ஏறியது. 2021-இல் வெளியான ஆய்வு இதன் மரபணு அடிப்படையையும் காட்டியது. துப்பாக்கி நம் தொழில்நுட்பம், பரிணமித்தது யானை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் இதே வகைதான்.

கட்டுரைத் தாளில் செல்போன், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு வந்தால் வரையறையை விட்டுவிடாதீர்கள். செல்போன் பிடித்துப் பிடித்து வருங்காலத்தில் கட்டைவிரல் நீண்டுவிடும் என்பது, பயன்படுத்தி வந்த மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்று லாமார்க் 1809-இல் சொன்ன பாணி, அதை எழுதினால் மதிப்பு போய்விடும். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் வேறு விஷயம். 2018-இல் சீனாவில் கருநிலையிலேயே திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்ததாக அறிவிப்பு வந்தது. அங்கே தொழில்நுட்பம் சூழல் வழியாகச் சுற்றி வராமல் நேராக அல்லீலையே தொடுகிறது. அந்தத் திருத்தம் அடுத்த தலைமுறைக்குப் போய், கூட்டத்தில் அதன் விகிதம் மாறினால்தான் அதைப் பரிணாமம் என்று எழுதலாம். நோயாளியின் ரத்த செல்லில் மட்டும் செய்யும் திருத்தம் அவரோடு முடிந்துவிடும், அது சிகிச்சை. இந்த வேறுபாட்டை ஒரே பத்தியில் எழுதிப் பழகுங்கள். முதல் தாளில் மனித மரபியல் பகுதியைப் படிக்கும்போது அதே பத்தியை அங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.