வன்னி வீதிக்கும் பந்தயத் திடலுக்கும் ஒரே கார்: ஹொண்டா சிவிக் ஈகேக்கு சஸ்பென்ஷன் பூட்டி அலைன்மென்ற் எடுத்த முறை

கிளிநொச்சியில் இருந்து, பந்தயத் திடல் உள்ள கட்டுக்குருந்தைக்குப் போய் வர 600 கிலோமீற்றருக்கு மேல். திடலில் ஓடுவது அதில் ஒரு சிறு துண்டு. மிச்ச நாளெல்லாம் அதே கார்தான் ஏ9 வீதியை விட்டு இறங்கி கிரவல் ஒழுங்கையில் போகும், மதகு ஏறி இறங்கும், மாரியில் குளம் வான் பாய்ந்து அரித்த இடத்தைக் கடக்கும். ஆகவே எங்கள் பக்கத்தில் கொயில் ஓவர் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செற்) வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, சில்லு மேலே ஏற எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத்தான். ஸ்பிரிங் எத்தனை கிலோ, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. அந்த இடம் முடிந்து சொக் அடித்தட்டில் இடித்தால், எவ்வளவு விலை கொடுத்த சாமானும் வளைவின் நடுவில் பிடியை விட்டுவிடும்.

ஸ்பிரிங் தெரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். ஈகே சிவிக்கில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், அதாவது சில்லை மேலும் கீழும் இரண்டு ஆம் பிடிக்கும் அமைப்பு. நிறையை 1,050 கிலோ என்றும் அதில் 60 வீதம் முன்னுக்கு என்றும் எடுத்தால், முன் சில்லு ஒன்றின் மேல் 315 கிலோ. சில்லு, பிரேக், நக்கிள் என்று 35 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 280. சில்லு 10 மில்லிமீற்றர் ஏறும்போது ஸ்பிரிங் 6.5 மில்லிமீற்றர் அளவில்தான் அமுங்குகிறது. இந்த விகிதத்தை இரண்டு தரம் பெருக்க வேண்டும்: 7 கிலோ ஸ்பிரிங் போட்டால் சில்லில் கிடைப்பது 7 × 0.65 × 0.65, அதாவது 2.96 கிலோ. 280 ஐ அதனால் வகுத்தால் 95 மில்லிமீற்றர், நிறையால் அந்த மூலை அமுங்கும் அளவு அது. 15.8 என்ற மாறிலியை 95 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.62 ஹேர்ட்ஸ், கார் ஒரு செக்கனில் மேலும் கீழும் ஆடும் தடவை அது. சாதாரண வீட்டுக் கார் 1.2 முதல் 1.4 வரை ஆடும். வீதிக்கும் திடலுக்கும் பொதுவாக 1.6 முதல் 1.9 வரை நல்லது. 2 ஐத் தாண்டினால் கிரவலில் ரயர் நிலத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் போகும். பின்பக்கத்துக்கு 5 கிலோ போட்டால் 1.8 அளவில் வரும். பின் முன்னை விடச் சற்று வேகமாக ஆடுவதால், மதகு தாண்டியதும் கார் முன்னும் பின்னும் தலையாட்டாமல் சீக்கிரம் அடங்கும்.

ஸ்விஃப்ட் போன்ற, சொக்கே சில்லை நேராகப் பிடிக்கும் ஸ்ட்ரட் கார்களில் அந்த விகிதம் ஒன்றுக்குக் கிட்ட. அதே 7 கிலோ அங்கே 2.3 ஹேர்ட்ஸைத் தாண்டிவிடும். மற்றவர் காரில் நன்றாக இருக்கிறது என்று அதே எண்ணை வாங்குவதில்தான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள்.

சொக்கில் மொனோ ரியூப், ட்வின் ரியூப் என்று இரண்டு வகை. மொனோ ரியூப் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், திடலுக்கு அதுதான் திறம். ஆனால் அதன் பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரிலேயே ஓடுகிறது. கிரவல் கல் ஒன்று அடித்து உடம்பு நசுங்கினால் பிஸ்டன் அந்த இடத்தில் சிக்கும், சொக் முடிந்தது. ட்வின் ரியூப்பில் உள்ளே இன்னொரு குழாய் இருப்பதால் சின்ன நசுங்கலைத் தாங்கும். தினமும் கிரவலில் ஓடுகிறவருக்கு நல்ல ட்வின் ரியூப்பையே சொல்வேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் சாமான் வாங்குவதானால், தண்டை முழுக்க வெளியே இழுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் தடக்கினாலும் அந்தச் சொரசொரப்பு சீலை வெட்டும், வேண்டாம். உயரத்தைக் கீழ் பிராக்கெற்றைத் திருப்பி மாற்றக்கூடிய வகையையே எடுங்கள். ஸ்பிரிங் தட்டை இறக்கித்தான் காரைப் பதிக்கலாம் என்றால், பதிக்கிற ஒவ்வொரு மில்லிமீற்றரும் மேலே ஏறும் இடத்தில் கழியும்.

உயரம் 25 மில்லிமீற்றர் குறைத்தால் போதும். பூட்டுமுன் ஸ்பிரிங்கைக் கழட்டி, வெறும் சொக்கோடு சில்லை ஜக்கால் உயர்த்தி, பம்ப் ஸ்டொப் (சொக் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் இடத்தில் ஹப் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். கார் நிற்கும் உயரத்துக்கும் இதற்கும் 60 மில்லிமீற்றராவது வித்தியாசம் வேண்டும். சொக்கின் இழை மரைகளைக் கழுவிக் காயவிட்டு, பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாரியிலேயே செம்மண் ஏறி இறுகிவிடும்.

பூட்டும்போது எல்லாரும் விடுகிற பிழை ஒன்று. லோவர் ஆம் போல்ட்டைக் கார் ஸ்ராண்டில் தொங்கும்போதே இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் உள் இரும்புக் குழாய் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுப் போகும். கார் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். சில மாதத்தில் உள் வட்டத்தை ஒட்டி வாய் பிளந்த மாதிரி ஒரு வெடிப்பு வரும். அதுவரைக்கும் அந்த முறுக்கு ஒரு கள்ள ஸ்பிரிங் போல வேலை செய்து உயரத்தையும் பிழையாகக் காட்டும். போல்ட்டுகளைக் கைப்பிடி அளவில் விட்டு, ஆமின் நுனியில் ஜக் வைத்து, ஹப் முதல் மட்கார்ட் வரை நீங்கள் நினைத்த உயரம் வரும்வரை தூக்கி, அந்த நிலையில் இறுக்கி, போல்ட் தலைகளில் பெயின்ற் கோடு போடுங்கள். சில்லு நட் 108 நியூட்டன் மீற்றர்.

சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் கணினி அலைன்மென்ற் நகரத்தில் உண்டு. திரையில் பச்சை வந்தால் கம்பனி எல்லைக்குள் வந்தது என்று மட்டும் அர்த்தம். இடம், வலம் தனித்தனியாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இதை வீட்டிலும் சரியாக எடுக்கலாம். நெல் காயவிடும் சீமெந்துத் தளம் நல்ல இடம், ஆனால் தண்ணீர் வடிய அதற்குச் சரிவு விட்டிருப்பார்கள். மேசன்மார் பாவிக்கிற நீர்மட்டக் குழாயால் நாலு சில்லு நிற்கும் இடத்தையும் பார்த்து, பதிந்த இடத்துக்குத் தரை ஓடு அடுக்கிச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் கீழே இரண்டு ஓடு, நடுவில் கிறீஸ் பூசிய பொலித்தீன். சில்லு வழுக்கித் தன் இடத்துக்கு வரும். சாரதியின் நிறைக்குப் பதிலாக அவர் ஆசனத்தில் 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றும் 20 கிலோ அரிசியும்.

ஒரே நீளமான இரண்டு பைப்பில் ஒரே இடைவெளியில் வெட்டு வைத்து, முன்னும் பின்னும் நிறுத்தி, தங்கூசி நூலை ஹப் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பில் இருந்து நூலுக்கு இடமும் வலமும் ஒரே தூரம். பின் ஹப்பிலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒரே அளவு வர வேண்டியதில்லை, அச்சு அகலம் வேறு. இனி இரும்பு அடிமட்டத்தால் றிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளவுங்கள். முன் விளிம்பு நூலில் இருந்து கூடத் தள்ளி நின்றால் ரோ இன் (சில்லின் முன்பக்கம் உள்ளே திரும்பியது), கிட்ட நின்றால் ரோ அவுட். 15 அங்குல றிம்மில் 1 மில்லிமீற்றர் ஏறத்தாழ 0.14 பாகை. கம்பருக்கு, அதாவது சில்லின் சாய்வுக்கு, தூக்குக்குண்டு போதும்: மேல் விளிம்பு கீழ் விளிம்பை விட 7 மில்லிமீற்றர் உள்ளே போனால் மைனஸ் 1 பாகை.

பின் சில்லை முதலில் முடித்து, ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவிட்டு முன்னுக்கு வாருங்கள். வீதிக்கு முன் கம்பர் மைனஸ் 1.5, ரோ பூச்சியம். பின் கம்பர் மைனஸ் 1.5, ரோ இன் மொத்தம் 2 மில்லிமீற்றர். திடலுக்கு முன் கம்பர் மைனஸ் 2.5, ரோ அவுட் மொத்தம் 2. ரயரை வேகமாகத் தின்பது ரோ. அந்த ரோ அவுட்டோடு 300 கிலோமீற்றர் வீதியில் போகாதீர்கள். கம்பரை மாற்றினால் ரோவும் கூடவே நகரும். எனவே கம்பர் மாற்றக்கூடிய மேல் ஆமில் இரண்டு நிலைக்கும் பெயின்ற் கோடு போட்டு, ரை ரொட்டை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்று வீட்டிலேயே அளந்து எழுதி வைத்தால், திடலில் அரை மணித்தியால வேலை.

டம்பிங்கை (சொக்கின் இறுக்கத்தை) நடுக் கிளிக்கில் தொடங்குங்கள், முழு இறுக்கத்தில் இருந்து எண்ணி. சில சுற்று ஓடி நின்றவுடன் ரயரின் உள், நடு, வெளி மூன்றிடத்திலும் சூட்டை அளவுங்கள். வெளிப்பக்கம் கூடச் சுட்டால் கம்பர் போதாது. உள்பக்கம் சற்றுக் கூடச் சுடுவது சரி.

புது ஸ்பிரிங் சில மில்லிமீற்றர் பதியும். முதல் 300 கிலோமீற்றர் ஓடியதும் போல்ட் தலைகளில் போட்ட பெயின்ற் கோடுகளைப் பாருங்கள். ஒரு கோடு விலகியிருந்தாலும் இறுக்கியதோடு விடாமல், தங்கூசியைத் திரும்பக் கட்டி அந்தச் சில்லை அளந்த பிறகே வீதியில் இறக்குங்கள்.