பெருமாளும் பெருமாயியும்

அம்மாவின் தாத்தா பெயர் பெருமாள். அவர் செத்த மறுவருஷம் அம்மா பிறந்ததால் பெருமாயி என்று வைத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இது வழக்கம்தான். கருப்பன் பேத்தி கருப்பாயி, வீரன் பேத்தி வீராயி, பழனி பேத்தி பழனியம்மா. ஆயி என்றாலும் தாய்தான். தொட்டிலில் கிடக்கும்போதே பிள்ளைக்குத் தாய்ப் பட்டம்!

கோளாறு தெரிந்தது அம்மாவின் 50 வயதில். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்களுக்கு 55. கொழுந்து பறித்த கூலியில் பிடித்த 8 சதவீதம், தோட்டம் போட்ட 12 சதவீதம், எல்லாம் சேர்ந்த காசு. தொழில் அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பெருமாளுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கே, அவர் வரலையா?" என்றார்.

"நான்தாங்க ஐயா அந்தப் பெருமாள்" என்றாள் அம்மா.

நடந்தது இதுதான். தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் ஆங்கிலத்தில். பெருமாயியைச் சுருக்கி எழுதினால் கடைசி எழுத்து 'ஐ'. யாரோ ஒரு கிளாக்கர் அதற்குப் புள்ளி வைக்கவில்லை. புள்ளியில்லாத 'ஐ' அடுத்த கிளாக்கர் கண்ணுக்கு 'எல்'. அப்படியே நிதிக் கணக்கிலும் ஏறிவிட்டது. மத்திய வங்கி வருஷத்துக்கு இரண்டு தடவை அனுப்பும் கணக்குத் தாளிலும் அதே பெயர்தான். நாங்கள்தான் பிரித்துக்கூடப் பார்க்காமல் தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்.

அப்புறம் அலைச்சல். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி. இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்ட ஆபீஸ் தர வேண்டிய கடிதத்துக்குத்தான் நாலு தடவை நடந்தோம். ஒவ்வொரு நடைக்கும் அம்மாவுக்கு ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் கூலி, போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைகொடுத்தது அடையாள அட்டை. நம் அட்டை எண்ணில் வருஷத்துக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் பிறந்த நாளைக் குறிக்கும். பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஆகஸ்ட் 10இல் பிறந்த அம்மாவுக்கு 223 அல்ல, 723. அதைச் சுட்டிக் காட்டியதும் தொழில் அலுவலகத்துக்காரர் சிரித்துவிட்டார். "பேர் ஆம்பளை, நம்பர் பொம்பளை. சரி, கடிதங்களைத் தாங்க."

பணம் வங்கிக்கு வந்துவிட்டது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் மட்டும் இன்னும் "பெருமாளு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவும் திரும்பிப் பார்க்கிறாள்.