கயிறு புடிச்ச கை

நவம்பர் 17, 2024, ஞாயிறு

காலைல அஞ்சு மணி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்குது, அதுக்கும் கடலோரக் கல்லுக்கும் நடுவுல இருக்குற கொஞ்ச எடத்துல தம்பி ஓடுறான், நான் போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சிக்கினு நிக்கிறேன். 1.6 கிலோமீட்டர், 6 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடிக்கணும், நேவில நாலு வருஷத்துக்கு எடுக்குற அக்னிவீர் வேலைக்கு அதான் கணக்கு. இன்னிக்கு 6.52. வந்து முட்டி மேல கை வெச்சி குனிஞ்சிக்கினு "எவ்ளோக்கா"ன்னான், சொன்னேன், ஒண்ணும் பேசல, ஆரம்பிச்ச எடத்துக்கே திரும்ப நடந்து போனான். ரெண்டாவது தடவ 7.20. அப்புறம்தான் டீ.

நவம்பர் 20, புதன்

அவன் ஆசை நேவில சேர்றதோட நிக்கல. மார்கோஸ். மரீன் கமாண்டோ. ஒடிஷால சில்கால பயிற்சி முடிச்சி, கப்பல்ல வேலை பாத்து, அப்புறம் நானே வரேன்னு கேட்டு போகணுமாம், யாரையும் புடிச்சி அனுப்ப மாட்டாங்க. அதுவே எனக்கு ரொம்ப பெருசா தெரியுது. பேரு ஒரே மாதிரி இருந்தாலும் அமெரிக்கா மரீன்ஸ் வேற, அது 1775ல ஆரம்பிச்ச தனிப் படையே, லட்சத்துக்கும் மேல ஆளு. நம்முளுது 1987ல ஆரம்பிச்ச சின்ன படை, நேவிக்குள்ளயே. தி ஃபியூ, தி ஃபியர்லெஸ்னு அவங்களுக்கு ஒரு வாசகம் இருக்கு, அத தம்பி பீரோ கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கான், அம்மா தொடைக்கும்போதெல்லாம் திரும்ப எழுதுறான்.

நவம்பர் 26, செவ்வாய்

16 வருஷம் ஆச்சு. 2008ல மும்பைய தாக்க வந்த அந்த பத்து தீவிரவாதிங்க, குபேர்னு ஒரு குஜராத் மீன்பிடி போட்டப் புடிச்சி அதுலயேதான் வந்தாங்க, அதுல இருந்தவங்களயும் கொன்னுட்டாங்க. எங்க தெருவுல இத பேசும்போது தாஜ் ஓட்டலப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி அந்த போட்டு ஆளுங்களப் பத்திதான் பேசுவாங்க, ஏன்னா வலை போடப் போன மனுஷன் திரும்பல, அது எங்களுக்குப் புரியும். நைனா கையில இருக்குற மீனவர் பயோமெட்ரிக் கார்டே அதுக்கு அப்புறம் வந்ததுதான், உப்புத்தண்ணி படாம ரெண்டு பாலித்தீன் கவர் போட்டு வெச்சிருப்பாரு.

அன்னிக்கு தாஜுக்குள்ள முதல்ல போனவங்கள்ல மார்கோஸும் உண்டு. அதுல பிரவீன் தேவ்தியான்னு ஒருத்தர், இருட்டு ரூமுக்குள்ள நுழையும்போது குண்டு பாஞ்சி நுரையீரல் போச்சு, காதும் போச்சு. வீரத்துக்கு சௌர்ய சக்ரா விருது குடுத்தாங்க. ஆனா தம்பி சொல்றது அத இல்ல. உடம்பு இனிமே ஆவாதுன்னு ஒதுக்கி வெச்ச மனுஷன், ஒன்பது வருஷம் கழிச்சி 2017ல லடாக்ல கர்துங் லா ஓட்டம் 72 கிலோமீட்டர் ஓடி முடிச்சாரு. காத்தே கம்மியா இருக்குற மலை, அடிபட்ட நுரையீரல். தம்பி இத சொல்லும்போது குரல் கம்மிப் போச்சு, நான் மொகத்த வேற பக்கம் திருப்பிக்கினேன்.

நவம்பர் 28, வியாழன்

புயல் வருதுன்னு கடலுக்குப் போகக்கூடாதுன்னுட்டாங்க, நைனா வீட்லதான். சாப்பிடும்போது தம்பி ஒரு விஷயம் எடுத்தான். இந்த வருஷம் ஜனவரில ஐ.என்.எஸ். சுமித்ரா கப்பல்லேர்ந்து மார்கோஸ் ஆளுங்க, அல் நயீமின்னு ஒரு மீன்பிடி போட்டுல ஏறி சோமாலியா கொள்ளக்காரங்ககிட்டேர்ந்து 19 பேர மீட்டாங்க, 19 பேரும் பாகிஸ்தான் மீனவருங்க. நைனா சோத்துல கை வெச்சபடியே நிமிந்து பாத்தாரு.

"போட்டுல ஏறும்போது அலை எப்டி இருந்துச்சு?"

அதான் அவரு கேட்ட மொதக் கேள்வி. தம்பிக்கு பதில் தெரியல. ஓடுற போட்டு பக்கத்துல இன்னொரு போட்டக் கொண்டாந்து ஒட்டி, ரெண்டும் ஏறி எறங்கி ஆடிக்கினு இருக்கும்போது மேல தொத்தி ஏர்றது எவ்ளோ கஷ்டம்னு அவரு கையாலயே காட்டினாரு, ஒரு கைய மேலயும் இன்னொரு கைய கீழயும் ஆட்டி. மேல துப்பாக்கியோட ஒருத்தன் வேற நிக்கிறான். "பெத்தவங்க புண்ணியம் பண்ணிருக்கணும்டா அந்த புள்ளைங்கள"ன்னாரு. மார்ச்சுல கொள்ளக்காரங்க புடிச்சி வெச்சிருந்த ரூயன் கப்பல மார்கோஸ் மீட்ட கதையும் தம்பி சொன்னான், விமானத்துலேர்ந்து ரப்பர் போட்டோட கடல்ல குதிச்சி, 40 மணி நேரத்துல 35 கொள்ளக்காரங்க சரணடைஞ்சி, 17 பேர் ஒரு காயமில்லாம வெளிய வந்தது. நைனாவுக்கு அந்த 19 மீனவருங்கதான் மனசுல நின்னுட்டாங்க, கை கழுவும்போதும் "யாரா இருந்தா இன்னா, கடல்ல மாட்டிக்கினவன் அவன்"னு சொல்லிக்கினே போனாரு.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலைலேர்ந்து ஒரே மழை, காத்து கூரைய பிச்சிக்கினு போற மாதிரி. கரையில நிக்குற ஃபைபர் போட்டுங்கள இன்னும் மேல ஏத்தணும்னு தெருவே எறங்கிடுச்சு. தம்பி போகல. செலக்‌ஷன் வரும், தோள்பட்ட புடிச்சிக்கும்னு உள்ளயே உக்காந்துட்டான். நைனா ஒரு வார்த்த சொல்லல, கைலிய மடிச்சி கட்டிக்கினு கெளம்பிட்டாரு, 56 வயசு. எனக்குதான் பொறுக்கல. "யாரோ ஊரு மீனவன காப்பாத்துனத அவ்ளோ பெருமையா சொன்னியே, இந்த உடம்ப எதுக்குடா வளக்குற"ன்னு கேட்டுட்டேன். கேட்டதும் கஷ்டமா போச்சு, அவன் மொகம் அப்டி ஆச்சு.

அரை மணி நேரம் கழிச்சி நான் கொட எடுத்துக்கினு போனேன், கொட நிக்கவே இல்ல. நைனாவுக்கு முன்னாடி, கயிறுல மொத ஆளா அவன் நிக்கிறான். ஒருத்தர் சத்தம் குடுக்க எல்லாரும் இழுக்க, ஒரு இழுவைக்கு ஒரு அடிதான் நகருது. பதினோரு போட்டு ஏத்தினாங்க, நம்ம போட்டு கடைசி.

டிசம்பர் 1, ஞாயிறு

ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சிடுச்சு. நைலான் கயிறு ஈரத்துல வழுக்கும்போது அறுத்துருக்கு, சுண்டுவிரல் அடியிலேர்ந்து கட்டவிரல் வரைக்கும் செவப்பா ஒரு கோடு, அதுக்குள்ள மணல். வெந்நில கழுவினேன், பல்ல கடிச்சிக்கினு இருந்தான். மருந்து போட்டு துணி சுத்தினேன். தோள் எப்டி இருக்குன்னு கேட்டேன், நல்லா இருக்குக்கான்னான்.

டிசம்பர் 4, புதன்

நேவி தினம் இன்னிக்கு. 1971ல நம்ம ஏவுகணை போட்டுங்க கராச்சி துறைமுகத்த அடிச்ச ராத்திரி. நாலு மணிக்கு எழுந்தப்ப மாடில சத்தம், போய் பாத்தா உள்ளங்கைய தரைல வெக்க முடியாம முஷ்டிய மடக்கி அது மேல தண்டால் எடுத்துக்கினு இருக்கான்.

ரோட்டுக்கு எறங்கும்போது நைனாவும் கூட வந்தாரு. போன என் கைலேர்ந்து வாங்கி, எத அமுக்கணும்னு கேட்டாரு. ஓடி முடிச்சதும் அவருதான் நம்பர படிச்சாரு, கண்ணாடி இல்லாததால தூரமா நீட்டிப் புடிச்சிக்கினு. 6.38.

"இன்னும் எட்டுதான்"னு சொல்லிட்டு தம்பி ஆரம்பிச்ச எடத்துக்கு நடந்தான், நைனா போன அழிச்சி சைபருக்குக் கொண்டாரச் சொல்லி என்கிட்ட நீட்டினாரு.