பிரிஸ்டலில் கிரேட் பிரிட்டன் கப்பல்: முதலில் அடிப்பாகத்துக்கு இறங்குங்கள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், டெம்பிள் மீட்ஸ் ஸ்டேஷனிலிருந்து துறைமுகக் கரையோரமாக மேற்கே நடந்தால் அரை மணி நேரம், படகும் உண்டு. டிக்கெட் வாங்கியதும் நேராக மேல்தளத்துக்கு ஏறிவிடாதீர்கள். இன்று அருங்காட்சியகமாக நிற்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய நீராவிக் கப்பலின் அருமை அடிப்பாகத்தில்தான் இருக்கிறது.

கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடிக் கூரை போட்டு, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். அதன்கீழே, பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் இந்தக் கப்பலைக் கட்டிய அதே உலர்துறை, அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் வேலை செய்யும் பள்ளம். கப்பல் 98 மீட்டர் நீளம். 1843 ஜூலை 19 அன்று மிதக்கவிட்டபோது உலகிலேயே பெரிய கப்பல். இரும்பு உடலும் புரொப்பெல்லரும் சேர்ந்த முதல் பெருங்கடல் பயணிக் கப்பலும் இதுவே.

தகடுகளை உற்றுப் பாருங்கள். ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏற, வரிசையாக ரிவெட் அடித்திருக்கிறது. சில இடங்களில் துரு தின்று ஓட்டையே விழுந்துவிட்டது. வலப்பக்கம் பெரிய விரிசல் ஒன்று. 1970இல் தென் அட்லாண்டிக்கின் போக்லாந்து தீவுகளிலிருந்து மீட்டபோது பழைய மெத்தைகளைத் திணித்து அதை அடைத்தார்கள். கடலுப்பின் குளோரைடு இரும்புக்குள் ஊறிவிட்டது. கழுவினால் போகாது, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இங்கே ஈரப்பதம் சுமார் 20 சதவீதம், பாலைவனக் காற்றைப் போல. பெருங்குழாய்கள் உலர்காற்றை ஊத, கண்ணாடிக் கூரை வெளி ஈரத்தைத் தடுக்கிறது. அழகுக்காக மட்டும் போட்டதல்ல அது.

1846 செப்டம்பரில் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, 1847 ஆகஸ்ட் வரை அலையடி வாங்கிய உடல் இது. மரக்கப்பல் என்றால் அந்தக் குளிர்காலத்தில் சிதறியிருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்பு உத்திரங்களும் குறுக்குத் தடுப்புச் சுவர்களும் காப்பாற்றின.

பின்பக்கம் நிற்பது ஆறு இதழ் புரொப்பெல்லரின் மாதிரி, குறுக்களவு 4.7 மீட்டர். முதலில் திட்டமிட்டது, கப்பலின் இருபுறமும் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பக்கச் சக்கரங்களைத்தான். 1840இல் ஆர்க்கிமிடீஸ் என்ற சிறிய புரொப்பெல்லர் கப்பலைப் பார்த்தபின் புரூனல் மனம் மாறினார். கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் காற்றில் சுழலும், மற்றது ஆழத்தில் திணறும். நிலக்கரி தீரத் தீரக் கப்பல் மேலெழும்; சக்கரம் அமிழும் ஆழமும் குறையும். புரொப்பெல்லருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் முதல் புரொப்பெல்லர் 1845லேயே இதழ்களை இழந்தது. மாற்றியது நான்கு இதழ் கொண்டது.

கடைசியாக என்ஜின் அறை. முழு அளவு மாதிரி மெதுவாகச் சுழலும். அசல் என்ஜின் நிமிடத்துக்கு 18 சுற்றுதான். புரொப்பெல்லருக்கு அது போதாது. ஆகவே சங்கிலி மூலம் வேகத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள். பக்கவாட்டில் நின்றால் பெரிய சக்கரத்திலிருந்து சிறியதற்குச் சங்கிலி இறங்குவது தெளிவாகத் தெரியும்.