ஒரு மில்லிமீட்டர்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “பை வைக்க வேண்டி வருமா டாக்டர்?” பிழைப்போமா, எத்தனை வருஷம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன், வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டிவிடுவார்கள் என்பதும் எப்படியோ அவர்கள் காதுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பையின் மேல் இருக்கும் பயம் நோயின் மேல்கூட இருப்பதில்லை.

நான் ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர். கத்தி பிடிப்பதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதும் அபூர்வம். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஆனாலும் பெஞ்சில் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த இருட்டறையில்தான் இருக்கிறது. இதை உணர எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ரிப்போர்ட்டுகள் ரொம்ப ஒழுங்காக இருக்கும். கட்டி இத்தனை சென்டிமீட்டர், சுற்றி நெறிகட்டிகள் இத்தனை, கல்லீரல் சரி, நுரையீரல் சரி. ஒருநாள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் போனில் கூப்பிட்டார். “நீங்க எழுதினதுல தப்பே இல்ல டாக்டர். ஆனா நாளைக்கு காலைல நான் எங்க வெட்டணும்னு அதுல இல்லியே.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

அவர் கேட்டது என்னவென்று சொல்ல ஒரு கொழுக்கட்டை வேண்டும். மலக்குடல் இடுப்புக்கூட்டுக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அதைச் சுற்றிக் கொழுப்பு, கொழுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. குடலைப் பூரணம் என்றும் கொழுப்பை மாவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இடுப்புக்குள் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பிரித்தெடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. மாவு பாதி உள்ளேயே தங்கிவிடும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் வேலை பார்த்த பில் ஹீல்ட், 1982-ல் எழுதியதன் சாரம் இதுதான்: சவ்வை ஒட்டி, கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டி, கொழுக்கட்டையை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும்.

நான்கு வருடம் கழித்து லீட்ஸ் நகரத்து நோய்க்குறியியல் மருத்துவர் பில் குவர்க்கும் அவருடைய சகாக்களும், வெட்டி எடுத்த மலக்குடல்களைக் குறுக்காக வில்லை வில்லையாக நறுக்கிப் பார்த்தார்கள். 52 நோயாளிகளில் 14 பேருக்குக் கட்டி, வெட்டிய பக்கவாட்டு ஓரம் வரைக்கும் எட்டியிருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்புக்குள் நோய் திரும்ப வந்தது. கட்டி எவ்வளவு பெரிசு என்பதைவிட, மாவின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் பின்னால் நடக்கப்போவதைச் சொல்கிறது என்று அதன் பிறகு புரிந்தது. இன்று நாங்கள் வைத்திருக்கும் கணக்கு ஒரு மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் ஓரம் கெட்டது, நோய் உள்ளே தங்கியிருக்கலாம் என்று அர்த்தம்.

குவர்க் இதைக் கண்டுபிடித்தது குடலை வெளியே எடுத்த பிறகு. எடுப்பதற்கு முன்னாலேயே சொல்ல முடியுமா? மெர்க்குரி என்ற ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஐரோப்பாவின் 11 மருத்துவமனைகள், 408 நோயாளிகள். அறுவைக்குப் பிறகு ஓரம் சுத்தம் என்று உறுதியானவர்கள் 354 பேர். அவர்களில் 327 பேருக்கு எம்.ஆர்.ஐ. அதை முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது. லண்டனைச் சேர்ந்த ஜீனா பிரவுன் போன்ற கதிரியக்க மருத்துவர்கள், படத்தில் அந்தச் சவ்வை முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடாகக் கண்டுபிடித்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நானும் படித்தேன், அளக்க ஆரம்பித்தேன். ஆறே மாதத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அப்போது ஒருவருக்கு, முன்பக்கம் புராஸ்டேட்டை ஒட்டிய கட்டி, ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று எழுதினேன். இடைவெளி இருக்கிறதே என்று நேரே அறுவைக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் கழித்து நோய்க்குறியியல் ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த ஆய்வகத்துக்கு அதுவரை நான் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். பார்மலின் நெடியில் கண் எரிந்தது. அங்கிருந்த மூத்த மருத்துவர், ஒரு அம்மா, மையும் பிரஷ்ஷுமாக நின்றுகொண்டிருந்தார். இன்னொருவருடைய குடலின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசிக்கொண்டிருந்தார். ஓரம் எது என்று பின்னால் மைக்ரோஸ்கோப்பில் அடையாளம் தெரிவதற்காக. “இப்பதான் வழி தெரிஞ்சுதா டாக்டர்?” என்று கேட்டுவிட்டு, என் நோயாளியின் வில்லைகளுடைய போட்டோக்களை வரிசையாகக் காட்டினார். அவருடைய வில்லைகள் குடலுக்குச் செங்குத்தாக, நேராக இருந்தன. என் ஸ்கேன் வில்லைகள் அப்படி இல்லை.

வாழைக்காயைச் சாய்வாக வெட்டினால் வில்லை நீளமாகத் தெரியுமே, அதே கதை. மலக்குடல் உடம்புக்குள் சாய்ந்துதான் கிடக்கும். கட்டி இருக்கும் இடத்தில் குடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்குச் செங்குத்தாக, 3 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளை வைக்க வேண்டும். நாங்கள் படுத்திருப்பவரின் உடம்புக்கு நேராக வைத்து எடுத்திருந்தோம். சாய்ந்த வெட்டில், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரிந்துவிட்டது. மிஷினில் ஒரு கோட்டை இழுத்துத் திருப்பி வைக்கிற வேலை, அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த நோயாளிக்கு அறுவைக்குப் பிறகு கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்து மக்கள் சொல்லும் பெயர் அது. முன்னாலேயே வைத்திருக்க வேண்டியது. 2004-ல் வந்த ஜெர்மன் ஆய்வில், அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்து வருடத்துக்குள் இடுப்பில் நோய் திரும்பியது 6 சதவீதம், பின்னால் பெற்றவர்களில் 13 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நான் மனப்பாடமாகச் சொல்வதற்கு அவர்தான் காரணம்.

அதிலிருந்து மலக்குடல் ஸ்கேன் என்றால் நானே எழுந்து மிஷின் அறைக்குப் போய்விடுவேன். டெக்னீஷியன் தம்பிகள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது, “சார், கோணம் வெச்சுட்டேன், வந்து பாத்துக்கிறீங்களா?” என்று அவர்களே கூப்பிடுகிறார்கள். கீழ்த்தளத்துக்கும் வியாழக்கிழமைதோறும் போகிறேன்.

கீழே போக ஆரம்பித்த பிறகுதான் வேறொரு விஷயம் உறைத்தது. ஓரம் ஆபத்தில் இருக்கிறது என்று நான் எழுதினால் அந்த நோயாளிக்கு முதலில் கரண்டும் கீமோவும் கொடுக்கிறார்கள். கட்டி சுருங்குகிறது, பிறகு வெட்டுகிறார்கள், ஓரம் சுத்தமாக வருகிறது. நான் சொன்னது நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்பதற்காகத்தானே சொன்னேன். ஆனால் நான் முதலில் பார்த்தது சரிதானா, இல்லை சும்மா பயமுறுத்திவிட்டேனா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. அளவுக்கு மீறி எச்சரித்தால் எந்தப் போட்டோவும் என்னைக் காட்டிக்கொடுக்காது. ஓரம் சுத்தம் என்று சொல்லி நேரே கத்திக்கு அனுப்பியவர்கள் மட்டும்தான் என் கணக்கைத் திருத்தித் தருகிறார்கள். அதனால், சந்தேகம் வந்தால் ‘ஆபத்து’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. அப்படித் தப்பித்தால் 28 நாள் கதிர்வீச்சு யாரோ ஒருவர் இடுப்பில் வீணாக இறங்கும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண் என்றால் கருப்பையும் சினைப்பையும் அதோடு போகும்.

கணினியே படத்திலிருந்து நூற்றுக்கணக்கான எண்களை உருவி நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லிவிடும் என்று பத்து வருடமாக மாநாடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரட்டும், எனக்கு விரோதம் இல்லை. ஆனால் மிஷின் மாறினாலும் வில்லையின் கனம் மாறினாலும் அந்த எண்களில் பல மாறிவிடுகின்றன. கோணம் தப்பாக எடுத்த படத்தை எந்தக் கணினிக்குக் கொடுத்தாலும் அது தப்பான இடைவெளியைத்தான் அளந்து தரும்.

எண்களில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சி.டி. ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் ஒரே ஒரு வில்லையை எடுத்து, அதில் சதை, அதாவது தசை, எவ்வளவு என்று அளப்பது. புற்றுநோய்க்காக ஏற்கெனவே எடுத்த படம்தான், புதிதாகச் செலவு கிடையாது. 2008-ல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பார்க்கக் குண்டாக இருந்தும் சதை வற்றிப்போன புற்றுநோயாளிகள் மற்ற குண்டானவர்களைவிடச் சீக்கிரம் இறந்ததைக் காட்டியது. தொப்பையைப் பார்த்து ‘ஆள் திடமா இருக்கார், அறுவையைத் தாங்குவார்’ என்று சொன்ன பலரின் வில்லையில் முதுகுத்தண்டின் இருபுறமும் சுண்டுவிரல் மாதிரிச் சதையைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எங்கள் பிசியோதெரபிஸ்ட் தேதிக்கு முன்னால் சில வாரம் நடையும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் கொடுக்கிறார், கூடவே தினமும் முட்டை. முட்டை சாப்பிடாத வீடுகளில் சுண்டலோடு ஒரு சமாதானம்.

இப்போது ஒரு கண்டக்டரைப் பற்றி. வயது 41. எட்டு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பவுத்திரம்’ என்று எழுதியிருந்த விலாசத்துக்குப் போய் மருந்து சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது கட்டி ஆசனவாயிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே, கடிகாரக் கணக்கில் 11 மணியிலிருந்து 2 மணி வரை, சவ்வைத் தொட்டபடி. நேரே வெட்டினால் பை நிச்சயம், ஓரமும் கெட்டுப்போகும். ஆபத்து என்று எழுதினேன். இந்த முறை சந்தேகமே இல்லை.

கரண்டும் மாத்திரையும் ஐந்தரை வாரம், பிறகு நான்கு மாதம் கீமோ. அது முடிந்து அவர் வந்தபோது, கட்டி இருந்த சாம்பல் நிறத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புத் தழும்பு. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தவருக்கும் வெள்ளையாக ஒரு வடு மட்டும்தான் தெரிந்தது. கட்டியே இல்லையென்றால் வெட்டுவது எதற்கு என்று சாவ் பாவ்லோவில் ஆஞ்சலீட்டா ஹாபர்-காமா கேட்டார். 2004-ல் அவர் எழுதிய கட்டுரையில், சிகிச்சை பெற்ற 265 பேரில் 71 பேரை வெட்டாமல் கண்காணிப்பில் வைத்திருந்தார். அப்போது பலர் அவரைத் திட்டினார்கள். 2018-ல் பல நாடுகளிலிருந்து அப்படி வெட்டாமல் விட்ட 880 பேரின் விவரம் வெளிவந்தது. நான்கில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் முளைத்திருந்தது. முளைத்ததில் 97 சதவீதம் குடல்சுவரிலேயே, கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில்.

எங்கள் டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அறுவை மருத்துவருக்கு அரை மனசு. “தழும்புக்குள்ள நாலு செல் ஒளிஞ்சிருந்தா உங்க படத்துல தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். கண்டக்டரைக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் சொன்னார்கள். நான்கில் ஒருவர் என்பதை அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். “ஏற்கெனவே ஒரு பை தோள்ல தொங்குது சார். இன்னொன்ன இப்பவே மாட்டணுமா? மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொன்னா வந்துட்டுப் போறேன்” என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். இரவு டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்து, அதைக் கழற்றி மடித்து மனைவி கையில் கொடுத்துவிட்டு மிஷினுக்குள் போவார். சத்தம் பழகிப்போய் உள்ளேயே தூங்கிவிடுகிறார் என்று டெக்னீஷியன் புகார் சொல்கிறான். போன மாதம் வந்தபோது தழும்பின் மேல் விளிம்பில் லேசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. கோணத்தைச் சரிபார்த்தேன். அந்த வரிசையை மட்டும் இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன். பழைய நான்கு ஸ்கேன்களையும் பக்கத்தில் திறந்து வைத்து, ஒவ்வொரு வில்லையாகத் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டாவது ஸ்கேனிலேயே அது இருந்திருக்கிறது, அதே இடத்தில், அதே அளவில். அப்போது நான் கவனிக்கவில்லை. அறுவை மருத்துவருக்குப் போன் செய்து அந்த இடத்தைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னேன். மதியம் அவர் திரும்ப அழைத்தார். வடு மட்டும்தான்.

‘முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது மாற்றமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். “என்ன சார், இந்தத் தடவ இவ்ளோ நேரம்?”

“ரெண்டு தடவ எடுத்தோம். சரியாத்தான் இருக்கு.”

அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினார். காலையிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை போல.