கன்வர்ட்டரையே மாற்றச் சொன்னார்கள், போனது சென்சார் மட்டும்

எஞ்சின் லைட் எரிகிறது என்று காரை சர்வீஸுக்கு விட்டால், "கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார்கள். என்ன எர்ரர் கோடு (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) வந்தது என்று கேட்டேன், பதிலே இல்லை. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்க பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சேர்ந்த சாமான் அது, விலை கேட்டாலே தலை சுற்றும். வேறு யாரும் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கோடைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை நண்பரிடம் வாங்கி காரில் செருகினேன். பி0135 என்று வந்தது. முதல் ஆக்சிஜன் சென்சாரை (கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது) சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். கன்வர்ட்டருக்கான கோடு பி0420. அது வரவே இல்லை. கோடு பார்த்ததும் கடைக்கு ஓடிவிடாதீர்கள், ஃபியூஸ் போனாலும் இதே கோடு வரலாம். என் காரில் ஃபியூஸ் நன்றாக இருந்தது. கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஹீட்டர் வயர்களிலும் மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல ஹீட்டராக இருந்தால் சில ஓம் காட்டும். இதில் ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பே அறுந்துவிட்டது.

சென்சார் வாங்கியதுதான் பெரும்பாடு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கப்ளர் இல்லாத யுனிவர்சல் சென்சாரை எடுத்து வைத்து, "பழைய கப்ளரை வெட்டி இதோட சால்டர் பண்ணிக்கங்க" என்றார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புகையில் உள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் சென்சார் வேலை செய்கிறது. பல மாடல்களில் அந்த வெளிக்காற்று வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகும். ஈயம் வைத்தால் அந்த வழி அடைபடும். கப்ளரோடுதான் வேண்டும் என்றேன். முதல் சென்சார் என்று அழுத்திச் சொல்லியும், கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் இரண்டாவது சென்சாரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் வயர் நீளமே வேறு. திரும்பப் போனதற்கு, "எலெக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். மரையில் கம்பெனி பூசிய பேஸ்ட் கலையாமல் இருந்ததைக் காட்டி வாதாடிய பிறகே மாற்றிக் கொடுத்தார்கள். பழைய சென்சாரின் உடம்பில் பொறித்த நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இந்த அலைச்சல் இருக்காது.

அடுத்து, கழற்றும் வேலை. வயர் நுழைய வெட்டு விட்ட 22 எம்.எம். சாக்கெட் இதற்கென்றே விற்கிறது. துரு ஏறிய சென்சாரில் அழுத்தம் கொடுத்தால் அந்த வெட்டு விரிந்து நழுவுகிறது. நட்டின் முனையும் மழுங்கப் பார்த்தது. எப்படியும் செத்த சென்சார்தானே, வயரை வெட்டிவிட்டு ஆறு முனை உள்ள முழு சாக்கெட்டை மாட்டினேன். முந்தின இரவு எஞ்சின் ஆறியிருக்கும்போதே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன் (சூடான மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாயில் அடித்தால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை). காலையில் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, கனத்த கையுறை போட்டு, நீளமான பாரில் ஒரே சீராக அழுத்தினேன். 'டக்' என்று விட்டது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தம் கேட்டதில் வந்த நிம்மதி சொல்லி மாளாது.

புதியதை மாட்டியது சில நிமிட வேலை. முதலில் விரலாலேயே மரை ஏற்றுங்கள், பேஸ்ட் நுனியில் படக் கூடாது, சிலிகான் ஸ்ப்ரே எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது சென்சாரையே கெடுத்துவிடும்.

ஸ்கேனரில் அந்த எர்ரர் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாயிற்று. லைட் வரவில்லை. சென்சாரின் சிக்னல் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. இந்த ரீடிங்கையும் பழைய சென்சாரையும் எடுத்துக்கொண்டு அந்த சர்வீஸ் சென்டருக்குப் போகிறேன். செக் பண்ணியதற்கென்று வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.