120 எம்பி பூட் பகிர்வும் டெபியன் 12-உம்

மூன்று மாலைப்பொழுதுகள் ஒரே பிழையுடன் மல்லுக்கட்டியபின், நேற்றிரவுதான் என் 32 பிட் மடிக்கணினியில் மென்பொருள்களை நிறுவும் ஏபிடி கருவி முழுதாக வேலையை முடித்தது. டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் இத்தகைய கணினிகளுக்கான கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவியும் நிறுத்தப்பட்டுவிட்டதால், இது இனி டெபியன் 12-லேயே இருந்தாக வேண்டும். அதனாலேயே இதைச் சீராக வைத்திருக்க விரும்புகிறேன்.

விஎல்சி வீடியோ பிளேயரை நிறுவுமுன் வழக்கம்போல் எல்லாவற்றையும் புதுப்பித்தபோது, புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை (கணினி துவங்கும்போது தேவைப்படும் இயக்கிகளின் தொகுப்பு) உருவாக்கும் கட்டத்தில் இடமில்லை என்று நின்றுவிட்டது. அதன்பின் எந்த மென்பொருள் பொதியை நிறுவப் போனாலும், ஏபிடிக்கு அடியில் பொதிகளை அமைக்கும் டிபிகேஜி அந்த அரைகுறைக் கெர்னலையும் சேர்த்தே அமைக்க முயன்று பிழையில் முடிந்தது. முதன்மைப் பகிர்வில் 20 ஜிபி காலியாக இருந்தது. நிரம்பியிருந்தது பல ஆண்டுகளுக்கு முன் நான் 120 எம்பி போதும் என்று ஒதுக்கிய, கெர்னலும் துவக்கக் கோப்புகளும் இருக்கும் பூட் பகிர்வு.

இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்பதை யூநேம் கட்டளையால் உறுதிசெய்துகொண்டு, அதற்கும் முந்தையதை டிபிகேஜி வழியாகவே அடியோடு நீக்கினேன். 59 எம்பி கிடைத்தது. புதிய கெர்னலின் 36 எம்பி கோப்பு உருவாகி, நிலுவையில் நின்ற பொதிகளும் அமைந்தன. சிக்கல் தீர்ந்தது என்றே நம்பினேன். மறுநாள் ஒரு ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) பொதியை நிறுவியதும், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்கையில் அதே பிழை மீண்டும் வந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு முழு மாலை போயிற்று. இருக்கும் கோப்பைப் புதுப்பிப்பதற்குக் கூடுதல் இடம் எதற்கு என்பது புரியவில்லை. கட்டளை ஓடும்போதே இன்னொரு முனையத்தில் பூட் அடைவை நொடிக்கொருமுறை பட்டியலிட்டுப் பார்த்தபோது, பழைய கோப்பின் அருகிலேயே '.நியூ' என்னும் பின்னொட்டுடன் மற்றொரு கோப்பு வளர்வது தெரிந்தது. முழுதாக எழுதி முடித்த பிறகே அது பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் கணினி துவங்க வேண்டுமல்லவா, அதனால் இது மிகச் சரியான ஏற்பாடுதான். ஆனால் காலியாக இருந்ததோ 23 எம்பி, தேவைப்பட்டதோ 36.

இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்னும் வரியில் இருந்த 'மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றினேன். பெரும்பாலான வன்பொருள்களுக்கான இயக்கிகளைத் திரட்டுவதை விட்டு, இந்தக் கணினி துவங்கத் தேவையானவற்றை மட்டும் அது சேர்க்கிறது. கோப்பு 14 எம்பியாகச் சுருங்கியது; இந்தப் பழைய செயலியில் உருவாகும் நேரமும் கண்கூடாகக் குறைந்தது. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் துவங்காமல் போகலாம் என்பதே இதன் குறை. புதுப்பிப்பு இயல்பாக மிகப் புதிய கெர்னலின் கோப்பை மட்டுமே தொடுவதால், முந்தைய கெர்னலுக்குரிய பெரிய கோப்பை அவசரத்திற்கென அப்படியே வைத்திருக்கிறேன்.

1 ஜிபி நினைவகத்திற்கு, தரவைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் இசட்ராம் அமைப்பதும், பழைய வட்டுக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி பொருத்துவதும் அடுத்த திட்டங்கள். வட்டை மாற்றும் நாளில் மறவாமல் முதலில் 'மோஸ்ட்'டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குமுன் இதிலுள்ள பிராட்காம் வைஃபை சில்லை இயங்கவைப்பது பாக்கியிருக்கிறது. அதற்கான பி43 நிறுவிப் பொதி, ஃபர்ம்வேரை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்வதால், அதுவரை மடிக்கணினி ரவுட்டருக்குப் பக்கத்தில் கம்பி இணைப்புடனேயே இருக்கும்.